யாரிடம் கேட்பது? – ஏலமலை மக்களுக்கு ஒரு திறந்த மடல்

போடிநாயக்கனூரிலும், போடிமெட்டுக்கு மேலே பூப்பாறை, சாந்தன்பாறை, நெடுங்கண்டம், வண்டன்மேடு என விரியும் ஏலமலைச் சரிவுகளிலும் ஏலக்காயை நம்பி வாழும் விவசாயிகள், வியாபாரிகள், தோட்டத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு.



கிரிப்டோ என்று சுருக்கமாக வழங்கப்படும் மின்னணு நாணயம் ரூபாயைப் போல நம்பத் தகுந்ததா என்ற கேள்விக்கு விடை தேடுவோர், பெரும்பாலும் அதன் விலை ஏறிய கதையையோ இறங்கிய கதையையோ எடுத்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வந்துவிடுகின்றனர். விலை ஏறுவதாலேயே ஒரு பொருள் பணமாகிவிடுமானால் ஏலக்காய் எப்போதோ பணமாகியிருக்கும். கொடுத்தது திரும்பி வராதபோது யாரிடம் போய்க் கேட்பது, கேட்டால் பதில் சொல்ல அவரைக் கட்டாயப்படுத்தும் ஏற்பாடு ஒன்று உண்டா என்பதே பணத்தின் நம்பகத்தை அளக்கும் கோல். அந்தக் கோலைக் கொண்டு ரூபாயையும் கிரிப்டோவையும் ஒருசேர அளந்து பார்ப்பதே இம்மடலின் நோக்கம்.

முதலில் ரூபாய். நூறு ரூபாய் நோட்டு ஒன்றின் பின்புறத்தைப் பார்த்தால் பதினைந்து மொழிகளில் அதன் மதிப்பு அடுக்கி எழுதப்பட்டிருப்பதும், அவற்றுள் ஒரு வரி ‘நூறு ரூபாய்’ என்று தமிழில் இருப்பதும் தெரியும். முன்புறத்தில், நோட்டை வைத்திருப்பவருக்கு நூறு ரூபாய் தருவதாக ரிசர்வ் வங்கியின் ஆளுநர் கையொப்பமிட்டு வாக்களிக்கிறார். அந்த வாக்குக்கு மத்திய அரசு பொறுப்பேற்கிறது. ஒரு ரூபாய் நோட்டில் மட்டும் இந்த வாக்குறுதி இல்லை; அதை வெளியிடுவது மத்திய அரசே என்பதால் நிதித்துறைச் செயலர் அதில் கையொப்பமிடுகிறார். நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்துவிட்டு அதற்கு ஈடான தங்கத்தைத் தருமாறு கேட்கும் உரிமை இன்று எவருக்கும் இல்லை. ஆயினும் தங்கம், வெளிநாட்டுப் பத்திரங்கள், அரசுக் கடன் பத்திரங்கள் ஆகியவற்றை ஈடாக வைத்துக்கொண்டே நோட்டு வெளியிட வேண்டும் என 1934-ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கிச் சட்டம் விதிக்கிறது. நாடெங்கும் கடனைத் தீர்க்க அந்த நோட்டு செல்லும் என்பதையும் அதே சட்டம் உறுதி செய்கிறது. இப்படிச் சட்டத்தின் துணையோடு செல்லும் பணமே சட்டமுறைச் செலாவணி எனப்படும். ஆகவே நோட்டின் மதிப்பு தாளில் இல்லை என்று கிரிப்டோ ஆதரவாளர்கள் சொல்வது சரியே; பெயரும் முகவரியும் உள்ள ஒரு பொறுப்பாளியிடம் அந்த மதிப்பு இருக்கிறது என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்தப் பொறுப்பு ஒரே நாளில் வந்ததல்ல, மக்கள் ஏமாந்து ஏமாந்து வந்தது. சென்னையில் பெரும்புள்ளிகள் முதல் ஓய்வூதியக்காரர்கள் வரை நம்பிப் பணம் போட்ட ஆர்பத்நாட் நிறுவனம் 1906 அக்டோபரில் முறிந்தது. அந்த அடியிலிருந்து பிறந்த எண்ணமே மறு ஆண்டில் இந்தியன் வங்கியாக உருவெடுத்தது. ஏலமலைக்கு இன்னும் அருகில் நடந்தது பாலா சென்ட்ரல் வங்கியின் வீழ்ச்சி. கோட்டயம் மாவட்டத்துப் பாலா ஊரில் தோன்றி, கேரளத்தின் பெரிய வங்கியாக வளர்ந்து, மலையேறிய குடியேற்ற விவசாயிகளின் சேமிப்பையும் ஈர்த்த அந்த வங்கி, ரிசர்வ் வங்கியின் மனுவின் பேரில் 1960 ஆகஸ்டில் கலைக்கப்பட்டது. பணம் போட்டவர்களின் குரல் நாடாளுமன்றம் வரை எட்டியது. அதன் விளைவாக வைப்புத்தொகைக் காப்பீட்டுச் சட்டம் 1961-இல் இயற்றப்பட்டு, 1962 ஜனவரி முதல், ஒரு வங்கி முறிந்தால் ஒருவருக்கு 1,500 ரூபாய் வரை திருப்பித் தரும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. அந்த வரம்பு படிப்படியாக உயர்ந்து 2020 பிப்ரவரி முதல் 5 லட்சம் ரூபாயாக உள்ளது. போடியில் இன்று வங்கிக் கணக்கு வைத்திருக்கும் ஒரு கூலித் தொழிலாளிக்குக் கிடைக்கும் இந்தப் பாதுகாப்பு, பாலாவில் சேமிப்பை இழந்து நின்றவர்கள் கொடுத்த விலையில் வாங்கப்பட்டது என்பதை மலைமேல் நினைவில் வைத்திருப்போர் இப்போது குறைவு.

இதனால் ரூபாய் மாசற்றது என்று ஆகிவிடாது. 2016 நவம்பர் 8 இரவு, 500 ரூபாய், 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது, புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் ஏறத்தாழ 86 சதவீதம் ஒரே அறிவிப்பில் முடங்கியது. விடியுமுன் ஜீப்பேறிப் போடிமெட்டைத் தாண்டி வேலைக்குப் போய், வாரக் கூலியை ரொக்கமாக வாங்கி, அதைக் கொண்டு சந்தைச் செலவை முடிக்கும் மக்களுக்கு, கையிலிருந்த உழைப்பின் பயன் சில வாரங்களுக்கு வெறும் தாளாயிற்று. அவ்வாறு செல்லாததாக்கப்பட்ட நோட்டுகளில் 99.3 சதவீதம் வங்கிகளுக்கே திரும்பி வந்துவிட்டன என்று ரிசர்வ் வங்கி பின்னர் தெரிவித்தது. அப்படியானால் அத்தனை பேரை வரிசையில் நிறுத்தியது எதற்காக என்ற கேள்விக்கு மலைச் சரிவுகளில் இன்னும் நிறைவான விடை கிடைக்கவில்லை. இலங்கையில் நடந்தது இதனினும் கொடிது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 இலங்கை ரூபாய்க்குக் கிடைத்த ஒரு டாலர் சில வாரங்களில் 360 ரூபாயைத் தாண்டியது. அதே ஆண்டு செப்டம்பரில் கொழும்பு விலைவாசிக் குறியீட்டின்படி பணவீக்கம், அதாவது பொருள்களின் பொது விலை ஓராண்டில் உயர்ந்த அளவு, ஏறத்தாழ 70 சதவீதத்தை எட்டியது. தலைமுறை கடந்தும் அங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் உறவினர் உள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு, அரசு வெளியிடும் பணமும் உருகிப் போகக்கூடியது என்பதை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. எனினும் அங்கே பொறுப்பாளிகள் யார் என்பது மக்களுக்குத் தெரிந்திருந்தது. அதே ஆண்டு ஜூலையில் அவர்கள் அந்தப் பொறுப்பாளிகளின் வாசலுக்கே போனார்கள்.

அரசுகள் மீதுள்ள இத்தகைய அவநம்பிக்கையிலிருந்தே கிரிப்டோ பிறந்தது. சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில், இன்றுவரை அடையாளம் உறுதிப்படாத ஒருவர் அல்லது ஒரு குழுவினர், உலகப் பெருவங்கிகள் ஆட்டம் கண்ட 2008-ஆம் ஆண்டின் அக்டோபர் 31 அன்று வெளியிட்ட ஒன்பது பக்க ஆவணத்தில், வங்கி எதுவும் இடையில் இல்லாமல் ஒருவர் மற்றொருவருக்குப் பணம் அனுப்பும் முறை விளக்கப்பட்டது. 2009 ஜனவரி 3 அன்று பிட்காயின் இயங்கத் தொடங்கியது. இதன் அடிப்படை ஒரு கணக்கேடு. கடைக்காரர் ஒருவரே வைத்திருக்கும் பற்றுவரவு நோட்டைப் போலன்றி, இந்த ஏட்டின் படி உலகெங்கும் பல்லாயிரம் கணினிகளில் இருக்கிறது. ஏறத்தாழ பத்து நிமிடத்துக்கு ஒரு பக்கம் சேர்கிறது. ஒவ்வொரு பக்கமும் முந்தைய பக்கத்தோடு கணித முத்திரையால் பிணைக்கப்படுவதால், பழைய வரி ஒன்றை ஒருவர் மட்டும் திருத்தினால் மற்றப் படிகள் அதை ஏற்காமல் தள்ளிவிடும். பக்கங்கள் சங்கிலிபோலத் தொடர்வதால் இதற்கு பிளாக்செயின் என்று பெயர். மொத்தம் 2 கோடியே 10 லட்சம் பிட்காயின்களுக்கு மேல் உருவாகாது என்பதும் நிரலிலேயே எழுதப்பட்டுள்ளது. ஏட்டில் உள்ள நாணயத்தைச் செலவிட உரிமையாளரிடம் ‘தனிச்சாவி’ எனப்படும் ரகசிய எண் இருக்க வேண்டும். அது தொலைந்தால் நாணயம் ஏட்டில் தெரிந்துகொண்டே இருக்கும், எடுக்க மட்டும் முடியாது. வங்கிப் புத்தகம் தொலைந்தால் மேலாளரிடம் மனுக் கொடுத்து வேறு புத்தகம் வாங்கலாம். இங்கு மனுக் கொடுக்க மேலாளர் இல்லை.

இது அறிவார்ந்த அமைப்பு என்பதில் ஐயமில்லை. வேற்று ஊரில் இருக்கும் முகம் தெரியாத இருவர் ஒரே கணக்கை ஒப்புக்கொள்ளச் செய்வது சிறிய சாதனை அல்ல. ஆனால் மனிதரை நம்பத் தேவையில்லை, கணிதத்தை நம்பினால் போதும் என்ற கூற்று முழு உண்மை அன்று. 2010 ஆகஸ்டில் பிட்காயின் நிரலில் இருந்த ஒரு பிழையால் 18,400 கோடிக்கும் மேற்பட்ட நாணயங்கள் ஒரே பக்கத்தில் திடீரென உருவாயின. சில மணி நேரத்தில் நிரலர்கள் பிழையைத் திருத்தி, தவறான பக்கங்களைக் கைவிட்டுப் புதிய தொடரை ஏற்குமாறு மற்றவர்களைக் கேட்டுக்கொண்டனர். அவர்கள் நல்லவர்களாகவும் விழிப்பானவர்களாகவும் இருந்ததால் ஏடு பிழைத்தது. கணிதத்தைக் காப்பாற்றியவர்கள் மனிதர்களே.

நடைமுறையில் சிக்கல் எழுவது ஏட்டில் அல்ல, ஏட்டுக்குப் போகும் வழியில். தனிச்சாவியைத் தாமே காத்துக்கொள்வது பெரும்பாலோருக்கு இயலாதது என்பதால், ரூபாயை வாங்கிக்கொண்டு நாணயத்தைத் தங்கள் கணக்கில் வரவு வைக்கும் எக்ஸ்சேஞ்ச் எனப்படும் பரிமாற்றகங்களை அவர்கள் நாடுகின்றனர். இடைத்தரகரை ஒழிக்க வந்த முறை இப்படி இடைத்தரகரிடமே வந்து சேர்கிறது. அதுவும் பாலா வங்கிக்குப் பிறகு வந்த காப்பீடு எதுவும் இல்லாத இடைத்தரகரிடம். மும்பையைத் தளமாகக் கொண்ட வசீர்எக்ஸ் பரிமாற்றகத்திலிருந்து 2024 ஜூலை 18 அன்று ஏறத்தாழ 23 கோடி டாலர், அதாவது சுமார் 2,000 கோடி ரூபாய் மதிப்புள்ள நாணயங்கள் களவு போயின. வடகொரியாவைச் சேர்ந்த இணையத் திருடர்களின் வேலை இது என்று அமெரிக்காவும் ஜப்பானும் தென்கொரியாவும் 2025 ஜனவரியில் கூட்டாக அறிவித்தன. திருடனின் ஊர் தெரிந்தும் பொருள் திரும்பவில்லை. வாடிக்கையாளர்களின் கணக்குகள் ஓராண்டுக்கு மேல் முடங்கிக் கிடந்தன.

இந்த நிகழ்விலிருந்து எழுந்த ஒரு வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. 2024 ஜனவரியில் ரூ.1,98,516 செலுத்தி எக்ஸ்.ஆர்.பி. என்ற நாணயத்தில் 3,532.30 வாங்கியிருந்த முதலீட்டாளர் ஒருவர், களவு போனவை வேறு வகை நாணயங்களாக இருக்கும்போது தமது நாணயத்தை முடக்குவது ஏன் என்று கேட்டார். வசீர்எக்ஸின் தாய் நிறுவனம் சிங்கப்பூரில் இருப்பதால் அங்குள்ள நீதிமன்றம் ஏற்ற சீரமைப்புத் திட்டப்படி நட்டத்தை எல்லா வாடிக்கையாளர்களும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்பது எதிர்த்தரப்பின் வாதம். 2025 அக்டோபரில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அளித்த தீர்ப்பு, கிரிப்டோ நாணயம் கையால் தொடத்தக்க பொருளும் அன்று, செலாவணியும் அன்று; ஆயினும் ஒருவர் உடைமையாகக் கொண்டு அனுபவிக்கவும், மற்றொருவர் பொறுப்பில் ஒப்படைத்து வைக்கவும் கூடிய சொத்து என்று கூறி, மனுதாரருக்கு இடைக்காலப் பாதுகாப்பு அளித்தது. பணம் சென்னையிலுள்ள வங்கிக் கணக்கிலிருந்து சென்றதால் இங்குள்ள நீதிமன்றம் தலையிட முடியும் என்றும் கூறியது. ‘சொத்துதான், செலாவணி அன்று’ என்ற அந்த வேறுபாடு இம்மடலின் கேள்விக்கு ஏறத்தாழ முழு விடையே ஆகும். அரசுகளின் தயவு வேண்டாம் என்று படைக்கப்பட்ட நாணயத்தை வைத்திருந்தவர், கடைசியில் அரசமைப்பின் நீதிமன்றத்தில் வந்து நிற்க வேண்டியிருந்ததும் கவனிக்கத் தக்கது.

கிரிப்டோவுக்கு இந்தியாவில் அங்கீகாரம் கிடைத்துவிட்டது என்று சொல்வோர் இரண்டு செய்திகளைச் சான்றாகக் காட்டுவர். ஒன்று, கிரிப்டோ வணிகர்களுக்கு வங்கிகள் சேவை வழங்கக் கூடாது என்று 2018 ஏப்ரல் 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4 அன்று ரத்து செய்தது. நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் எழுதிய அத்தீர்ப்பு, தன் கட்டுப்பாட்டில் உள்ள வங்கிகளுக்குக் கேடு நேர்ந்ததை ரிசர்வ் வங்கி காட்டாத நிலையில் அத்தடை அளவுக்கு மீறியது என்றே கூறியது. கிரிப்டோவை ரூபாய்க்கு நிகராக்கவில்லை. மற்றொன்று, 2022 ஏப்ரல் முதல் அதன் ஆதாயத்துக்கு 30 சதவீத வரியும் அதே ஆண்டு ஜூலை முதல் பரிமாற்றத் தொகையில் ஒரு சதவீதப் பிடித்தமும் விதிக்கப்பட்டது. லாட்டரிப் பரிசுக்கும் குதிரைப் பந்தய வெற்றிக்கும் 30 சதவீத வரி உண்டு என்பதை நினைவுகூர்ந்தால் இந்த வாதம் அடங்கிவிடும். ஏலக்காய் விளைச்சலின் வருவாய் வேளாண் வருவாய் என்பதால் மத்திய வருமான வரிக்கு உட்படுவதில்லை. அதே தொகை கிரிப்டோவாக மாறி ஆதாயம் தந்தால் முப்பது சதவீதம் போகும், நட்டம் வந்தால் வேறு வருவாயில் கழித்துக்கொள்ளவும் வழியில்லை.

பணம் வேறு, சரக்கு வேறு என்பதை ஏலமலை மக்களைவிடத் தெளிவாக அறிந்தோர் அரியர். 2018-இன் பெருவெள்ளமும் அதைத் தொடர்ந்த வறட்சியும் விளைச்சலைக் குறைத்ததால், 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் தரமான காய்க்கு உச்ச விலையாகக் கிலோவுக்கு 7,000 ரூபாய் கிடைத்தது. 2022-இல் சராசரி விலை ஆயிரத்துக்கும் கீழே சரிந்தது. பிட்காயினின் விலை 2021 நவம்பரில் ஏறத்தாழ 69,000 டாலரைத் தொட்டு, ஓராண்டில் 16,000 டாலருக்கும் கீழே இறங்கி, 2025 அக்டோபரில் 1,20,000 டாலரைக் கடந்தது. இரண்டு வரைபடங்களையும் அடுத்தடுத்து வைத்தால் எது காய், எது காயின் என்று பெயர் பார்த்துத்தான் பிரித்தறிய வேண்டும். உச்ச விலைக் காலத்தில்கூட எந்த விவசாயியும் பறிப்புக் கூலியைக் காயாகக் கொடுத்ததில்லை, உரக் கடைக்காரரும் கடனைக் காயாக எழுதிக்கொண்டதில்லை. கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் நாளைய விலை தெரியாது என்பதே காரணம். பிட்காயினை 2021 செப்டம்பரில் சட்டமுறைச் செலாவணி ஆக்கிய எல் சால்வடோர் நாடும் 2025 ஜனவரியில் அதைக் கட்டாயமாக ஏற்க வேண்டியதில்லை என்று சட்டத்தைத் திருத்திக்கொண்டது.

ஆனால் காய்க்கு இருப்பதும் நாணயத்துக்கு இல்லாததுமான ஒன்று உண்டு. ஏலத்தை ஏலம் விடும் கூடத்தில் (தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் வாய்த்தது ஒரு வேடிக்கை) ஒவ்வொரு லாட்டிலிருந்தும் எடுத்த மாதிரிக் காய்கள் வியாபாரிகளின் முன் வைக்கப்படுகின்றன. வியாபாரி நான்கு காயை உள்ளங்கையில் உருட்டி, பச்சை நிறம் வெளுத்திருக்கிறதா, எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் நிற்குமா என்று கணித்து, ஒன்றைப் பிளந்து உள்ளே விதை கறுத்துத் திரண்டிருக்கிறதா என்று பார்த்து, முகர்ந்து, அதன்பிறகே கணினியில் விலை கேட்கிறார். நறுமணப் பொருள் வாரியத்தின் உரிமம் இல்லாமல் ஏலம் நடத்தவோ அதில் வாங்கவோ முடியாது; விற்ற காய்க்குப் பணம் வராவிட்டால் உரிமம் பெற்றவரின் கதவைத் தட்டலாம், வாரியத்திடம் முறையிடலாம். இந்த முறையிலும் ஓட்டை உண்டு: ஒருமுறை ஏலத்தில் வாங்கிய காயையே மறுபடி ஏலத்துக்குக் கொண்டுவந்து வரத்து மிகுந்ததுபோலக் காட்டுவதால் விலை சரிகிறது என்பது விவசாயிகளின் நெடுநாள் குற்றச்சாட்டு. ஒரே ஆள் தன் நாணயத்தைத் தனக்கே விற்று வாங்கி, வணிகம் கொழிப்பதாகத் தோற்றம் காட்டும் மோசடி கிரிப்டோச் சந்தையிலும் நடக்கிறது. ஏலக்கூடத்து ஓட்டையை அடைக்கச் சொல்லி வாரியத்தின் முன் போராடலாம்; கிரிப்டோச் சந்தையில் போராட ஒரு வாசல் இல்லை. எல்லாம் போனாலும் காய் பாயசத்துக்காவது ஆகும்.

தனியார் வெளியிடும் நாணயம் புதிதன்று: பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கைக் காப்பித் தோட்டங்களில் சில்லறைத் தட்டுப்பாட்டைச் சாக்கிட்டுத் தனியார் நிறுவனங்கள் உலோக வில்லைகளை அச்சடித்துத் தமிழ்த் தொழிலாளர்களுக்குக் கூலியாகக் கொடுத்ததுண்டு. வெளியிட்ட நிறுவனம் இருக்கும்வரை, அதுவும் அதன் பெயர் எட்டும் தொலைவு வரை, அந்த வில்லை செல்லும். பெயர் தெரியாத யாரோ நேற்று வெளியிட்ட ‘காயின்’ ஒன்றை இன்று வாங்கச் சொல்லும்போது, அந்த வில்லைக்கு இருந்த பெயர்ப் பொறிப்பாவது இதற்கு உண்டா என்று பார்க்க வேண்டும். மாதம் பத்து சதவீதம் வருமானம், மேலும் நான்கு பேரைச் சேர்த்து ‘ஐ.டி.’ போட்டால் கூடுதல் பங்கு என்று சொல்லி வருவது கிரிப்டோவே அன்று. பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியின் பெயரில் நடந்த அதே முதலீட்டு மோசடி புதிய சட்டை போட்டு வருகிறது, அவ்வளவே. புதிய பிட்காயின்களை உருவாக்கும் ‘சுரங்க’ வேலையில் மாதம் பத்து சதவீதம் தருவதாகச் சொல்லி நாடெங்கும் பணம் திரட்டிய ‘கெயின்பிட்காயின்’ திட்டம் 2018-இல் கைதுகளில் முடிந்தது.

கியூ.ஆர். அட்டையில் கைப்பேசியைக் காட்டிச் செலுத்தும் யு.பி.ஐ. பணத்தைக் கிரிப்டோ என்று சிலர் மயங்குவதால் ஒரு விளக்கம் தேவை. 2016-இல் தொடங்கிய யு.பி.ஐ. வங்கிக் கணக்கில் உள்ள ரூபாயையே ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுகிறது. ரிசர்வ் வங்கி 2022 டிசம்பர் 1 முதல் பொதுமக்களிடையே சோதனை முறையில் விட்டுள்ள ‘இ-ரூபாய்’ அதே ஆளுநரின் பொறுப்பில் வரும் மின்னணு நோட்டு. இரண்டும் ரூபாயே.

இவ்வளவையும் எண்ணிப் பார்த்தால், கிரிப்டோவை எவரும் தொடவே கூடாது என்று சொல்ல இடமில்லை. போனாலும் குடும்பம் தாங்கும் என்ற அளவுக்குள், உச்சத்தில் காய் வாங்கி இருப்பு வைக்கும் துணிவோடும் அதே எச்சரிக்கையோடும் ஒருவர் அதை வாங்குவது அவருடைய உரிமை. ஆனால் அது ரூபாயைப் போல நம்பத் தகுந்தது என்பது இன்றைய நிலையில் உண்மையன்று. பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், தோட்டத்தின் அடுத்த பருவ உரச் செலவு, தொழிலாளியின் கூலிச் சேமிப்பு ஆகியவை அதற்குள் போகக் கூடாது.

ஆகவே ஒரு வேண்டுகோள். காயின் வாங்கச் சொல்லி எவரேனும் வீட்டு வாசலுக்கோ ஏலக்காய் ஸ்டோருக்கோ வந்தால், பணம் திரும்பாவிட்டால் யாரிடம் கேட்பது என்று கேட்டு, விடையைப் பெயர், முகவரி, கையொப்பத்தோடு ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டுச் செய்தியை மூடி மறைக்க வேண்டாம். வைப்புதாரர் நலனைக் காக்கத் தமிழ்நாடு 1997-இல் இயற்றிய சட்டத்தின்கீழ் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் செய்யலாம். இணையவழிப் பண மோசடியாயின், தொகை கைமாறிய முதல் சில மணி நேரத்துக்குள் 1930 என்ற எண்ணை அழைத்தால், அது இன்னும் வங்கிக் கணக்கில் ரூபாயாக இருக்கும்பட்சத்தில் முடக்கி வைக்க முடியும்.